7 ஏக்கர் பறவைக் கிராமம்: நெல்லையில் இயற்கை நிலத்தைக் காப்பது யார், எப்படி? முழு விளக்கம்

தாமிரபரணியோடு கடனாநதி வந்து சேரும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். நெல்லைக்கு மேற்கே, வீரவநல்லூருக்கும் முக்கூடலுக்கும் பக்கத்தில் உள்ள சின்ன ஊர். நாறும்பூநாதரைக் கும்பிட வருபவர்கள் உண்டு. கோபுரத்துக்குள் இருக்கும் பழைய ஓவியங்களையும் மரச்சிற்பங்களையும் பார்க்க வருபவர்களும் உண்டு. ஆனால் பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் போனால், கோயிலுக்குள் நுழையும் முன்பே தலைக்கு மேல் கேட்கும் சத்தம் நம்மை நிறுத்திவிடும். மரம் முழுக்க நாரை, கொக்கு, நீர்க்காகம்.

இந்த ஊருக்கு, பலருக்கும் தெரியாத ஒரு பெருமை இருக்கிறது. 2005 பிப்ரவரி 14 அன்று, இந்தியாவின் முதல் 'பாதுகாப்பகம்' என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட இடம் இதுதான். அரசு ஆவணங்களில் 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்று வரும். பரப்பு 2.84 ஹெக்டேர், அதாவது சுமார் 7 ஏக்கர்.

வெறும் 7 ஏக்கரை வைத்துக்கொண்டு எதைக் காப்பாற்ற முடியும்? வெளிநாடுகளில் 'லேண்ட் ட்ரஸ்ட்' என்ற பெயரில் இயற்கை நிலங்களைக் காக்கிறார்களே, அது நம்ம ஊரில் ஏன் இல்லை? அதற்குப் பதிலாக தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் என்ன நடக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லேண்ட் ட்ரஸ்ட் என்றால் என்ன?

ஒரு வட்டாரத்தில் இருக்கும் காடு, சதுப்பு நிலம், ஆற்றங்கரை போன்றவற்றை விலைக்கு வாங்கியோ, நன்கொடையாகப் பெற்றோ நிரந்தரமாகப் பாதுகாக்கும் அறக்கட்டளைதான் லேண்ட் ட்ரஸ்ட். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1891-ல் தொடங்கப்பட்ட 'டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ்' இந்த வகையில் முன்னோடி. இங்கிலாந்தில் 1895-ல் நேஷனல் ட்ரஸ்ட் வந்தது. அது 1899-ல் விக்கன் ஃபென் என்ற சதுப்பு நிலத்தில் முதலில் வாங்கியது வெறும் 2 ஏக்கர். இன்று அது பெரிய இயற்கைக் காப்பகமாக வளர்ந்து நிற்கிறது.

நிலத்தை வாங்காமலே காக்க இன்னொரு வழியும் அமெரிக்காவில் உண்டு. நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். ஆனால் 'இதில் கட்டடம் கட்டமாட்டேன், பிளாட் போடமாட்டேன்' என்று அறக்கட்டளைக்கு அவர் எழுதிக் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் விற்றாலும், வாங்குபவர் யாராக இருந்தாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு சேர்ந்தே போகும்.

இந்தியாவில் இப்படி ஏதும் உண்டா?

அறக்கட்டளை தொடங்க 1882-ம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் அந்த இயற்கைப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு இங்கே தனிச் சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் நிறைய விளைநிலத்தை வாங்கிச் சேர்க்கலாம் என்றால், 1961-ம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் குறுக்கே நிற்கும். நிலம் ஒரு சிலரிடமே குவியக்கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. அந்த நியாயத்தையும் மறந்துவிட முடியாது.

இருந்தாலும் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. வயநாட்டின் திருநெல்லிப் பகுதியில் யானை வழித்தடத்தில் இருந்த நிலத்தை இந்திய வனவிலங்கு அறக்கட்டளை வாங்கியது. அங்கிருந்த குடும்பங்களை வேறு இடத்தில் குடியமர்த்தி, நிலத்தை கேரள வனத்துறையிடம் ஒப்படைத்தது. வால்பாறையில் தேயிலை, காபி தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளை, தோட்ட நிறுவனங்களின் ஒப்புதலோடு மீட்டெடுத்து வருகிறது இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம். அங்கே நிலம் கைமாறவில்லை. மரங்கள் மட்டும் திரும்பி வருகின்றன.

யோசித்துப் பார்த்தால் இந்த எண்ணம் நமக்குப் புதிதும் இல்லை. ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் ஆகும் செலவுக்கென்றே நிலத்தை ஒதுக்கி வைக்கும் வழக்கம் பழைய தமிழ்நாட்டில் இருந்தது. கல்வெட்டுகள் அந்த நிலத்தை 'ஏரிப்பட்டி' என்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில், ஏரியைக் கவனிக்கவே ஒரு வாரியம் இருந்தது பதிவாகியிருக்கிறது.

திருப்புடைமருதூரில் என்ன நடந்தது?

இந்த ஊரின் பெயரிலேயே மரம் இருக்கிறது. கோயிலின் தலமரம் மருதம். ஆந்திராவின் ஸ்ரீசைலம், தஞ்சைப் பக்கத்துத் திருவிடைமருதூர், நெல்லையின் திருப்புடைமருதூர் மூன்றையும் மருதமரத் தலங்கள் என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். வயலும் வயல் சார்ந்த நிலமும் மருதத் திணை என்று பள்ளியில் படித்திருப்போமே, அந்தத் திணைக்குப் பெயர் கொடுத்ததும் இதே மரம்தான். தாமிரபரணிக் கரையில் இன்றும் ஓங்கி நிற்கிறது.

கோயிலைச் சுற்றியும் ஊருக்குள்ளும் இருக்கும் பெரிய மரங்களில் நீர்ப்பறவைகள் கூடு கட்டி வந்தன. ஊர்க்காரர்கள் விரட்டவில்லை. எச்சம் விழும், மீன் வாடை அடிக்கும், விடிய விடிய சத்தம் வேறு. அதைப் பொறுத்துக்கொண்டதோடு நிற்காமல், இந்தப் பறவைகளுக்கு அரசின் பாதுகாப்பு வேண்டும் என்று ஊர் தரப்பிலிருந்தே கேட்டார்கள்.

அந்த நேரத்தில் சட்டத்திலும் ஒரு புதுக் கதவு திறந்திருந்தது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2002-ல் கொண்டுவந்த திருத்தம் இரண்டு புதிய வகைகளைச் சேர்த்தது.

பாதுகாப்பகம்: அரசுக்குச் சொந்தமான நிலத்தில், உள்ளூர் மக்களைக் கலந்து பேசிய பிறகு மாநில அரசு அறிவிப்பது. சட்டப்பிரிவு 36ஏ.

சமுதாயப் பாதுகாப்பகம்: தனிநபரோ ஒரு சமூகமோ தாங்களாக முன்வந்து, தங்கள் நிலத்தில் வனவிலங்கைக் காக்க ஒப்புக்கொள்ளும்போது அறிவிப்பது. சட்டப்பிரிவு 36சி. கேரளாவின் கடலுண்டி-வள்ளிக்குன்னு இந்த வகையில் 2007-ல் அறிவிக்கப்பட்டது.

முதல் வகையில், நாட்டிலேயே முதலாவதாக வந்தது திருப்புடைமருதூர். அதே சட்டப்பிரிவில்தான் 2022-ல் பாக் விரிகுடாவின் கடற்பசு பாதுகாப்பகமும் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 448 சதுர கிலோமீட்டர். ஒரே சட்டம், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏழு ஏக்கர் ஊர் மரங்கள்!

பாதுகாப்பகம் ஆனால் என்ன மாறும்?

சரணாலயம் என்று அறிவித்தால், அங்கே மக்களுக்கு இருக்கும் உரிமைகளை எல்லாம் விசாரித்து முடிவு செய்யும் நீண்ட நடைமுறை உண்டு. ஆடு மேய்ப்பதில் இருந்து பாதையில் நடப்பது வரை கேள்வி வரும். சரணாலயம் என்றாலே பல ஊர்களில் மக்கள் பயப்படுவதற்குக் காரணம் அதுதான்.

பாதுகாப்பகத்தில் அப்படி இல்லை. ஊர் ஊராகவே இருக்கும். கோயில் திருவிழா நடக்கும். ஆனால் தீ வைப்பது, வெடி வெடிப்பது, உயிர்களுக்குக் கேடு தரும் ரசாயனங்களைப் பயன்படுத்துவது, பறவை விலங்குகளைச் சீண்டுவது, குப்பை கொட்டுவது ஆகியவற்றுக்குத் தடை உண்டு.

நிர்வாகத்துக்கு ஒரு குழுவையும் சட்டம் சொல்கிறது. வனத்துறைப் பிரதிநிதி, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு ஊராட்சியில் இருந்தும் ஒருவர், வனவிலங்குப் பாதுகாப்பில் வேலை செய்யும் தன்னார்வ அமைப்புகளில் இருந்து மூன்று பேர், வேளாண்மைத் துறை, கால்நடைத் துறையில் இருந்து தலா ஒருவர். வெளிநாட்டு லேண்ட் ட்ரஸ்டின் அறங்காவலர் குழுவுக்கு நம்ம ஊரில் நெருங்கி வரும் அமைப்பு இதுதான். ஒரே வித்தியாசம், நிலம் இந்தக் குழுவின் பெயரில் இருக்காது. தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஆலோசனை சொல்வதுதான் இதன் வேலை.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை?

கூடு பத்திரமாக இருக்கிறது. ஆனால் பறவை கூட்டில் சாப்பிடுவதில்லையே!

ஒரு மஞ்சள்மூக்கு நாரை தன் குஞ்சுக்கு மீன் கொண்டுவர வேண்டும். அந்த மீன் 7 ஏக்கருக்குள் கிடைக்காது. ஆற்றிலும், சுற்றுவட்டாரக் குளங்களிலும், தண்ணீர் நிற்கும் வயல்களிலும்தான் கிடைக்கும். இரை தேடிப் பல கிலோமீட்டர் பறந்து போய்த் திரும்பும்.

இங்கேதான் தாமிரபரணிப் பாசனத்தின் கதை வருகிறது. பொதிகையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் இந்த ஆற்றின் குறுக்கே 8 பழைய அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றில் இருந்து பிரியும் கால்வாய்கள் வயலுக்கும் குளத்துக்கும் தண்ணீரைக் கொண்டுபோகின்றன. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும்.

பறவைகளின் கணக்கும் இந்தத் தண்ணீர்க் கணக்கும் ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிறையும். பிசான நெல் வயலில் நிற்கும். அதன்பிறகுதான் கூடு கட்டும் வேலை சூடுபிடிக்கும். குஞ்சுகள் வளரும் நேரத்தில் குளத்தில் தண்ணீர் மெல்ல வற்றும், மீன்கள் ஓரிடத்தில் சேரும், இரை எளிதாகக் கிடைக்கும். கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்றாலோ, குளம் குப்பை மேடானாலோ, 7 ஏக்கரை எவ்வளவு கவனமாகக் காத்தாலும் கூடு காலியாகத்தான் இருக்கும்.

கூந்தன்குளம் சொல்லும் பாடம்

இதற்கு நல்ல உதாரணம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூந்தன்குளம், காடன்குளம் இரண்டும் சேர்ந்து 129.33 ஹெக்டேர். ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

ஆனால் அரசு அறிவிப்பதற்கு முன்பே, தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வந்தவர்கள் ஊர் மக்கள்தான். வீட்டுக் கொல்லை மரத்தில் நாரை கூடு கட்டினாலும் கலைக்கமாட்டார்கள். பறவைகளுக்காக வெடி வெடிப்பதையும் தவிர்ப்பார்கள். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளியை வெடி இல்லாமல் கொண்டாடுவது போலத்தான் இதுவும். கூட்டில் இருந்து விழும் குஞ்சுகளை எடுத்துப் பராமரிக்கும் வழக்கமும் இங்கே உண்டு. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரமாகிறது என்பதால், விவசாயிக்கும் லாபம்.

இந்தக் குளத்துக்கு மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வருகிறது. அதாவது, இத்தனை அங்கீகாரம் பெற்ற ஒரு சரணாலயமும் எங்கோ மலையடிவாரத்தில் திறக்கும் மதகை நம்பித்தான் இருக்கிறது.

ஒரு குளம், எத்தனை உரிமையாளர்கள்?

'சரி, குளத்தையும் சேர்த்துக் காப்பாற்றலாமே' என்று தோன்றும். சிக்கல் அங்கேதான். நெல்லையில் ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம்.

தண்ணீரும் கரையும்: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம்.

மீன்: ஏலம் எடுத்த குத்தகைதாரர். பணம் போட்டவர் என்பதால், மீனைத் தின்ன வரும் பறவை அவருக்கு நஷ்டக் கணக்கு. வெடி போட்டு விரட்டுவதும் உண்டு.

மரம்: குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்கள் பல இடங்களில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டவை. வளர்ந்ததும் ஏலம் விட்டு வெட்டுவார்கள். கூடு இருக்கும் மரமும் அதில் போய்விடலாம்.

பறவை: வனத்துறை. பாதுகாக்கப்பட்ட பறவையை வேட்டையாடுவது சரணாலயத்துக்கு வெளியிலும் குற்றம்தான். ஆனால் பறவை இரை தேடும் குளத்தைக் காப்பது அந்தப் பிரிவின் வேலை இல்லை.

ஆக, குளத்தில் நான்கு பேருக்கு உரிமை உண்டு. பறவைகளுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு ஒருவருக்கும் இல்லை.

ஈரநிலச் சட்டம் உதவாதா என்று கேட்கலாம். 2017-ம் ஆண்டின் ஈரநில விதிகளில், பாசனத்துக்காக மனிதர் உருவாக்கிய நீர்நிலைகளுக்கு விலக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. நெல்லையின் குளங்கள் பெரும்பாலும் பாசனக் குளங்கள்! கூந்தன்குளம் போல ராம்சார் பட்டியலில் ஏறினால் கதை வேறு. எல்லாக் குளமும் அதில் ஏற முடியாது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அது குளத்தின் எல்லையைக் காக்க உதவும். குளத்தில் என்ன வாழ்கிறது என்று அது கேட்பதில்லை.

அறக்கட்டளைகள் இங்கே என்ன செய்கின்றன?

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அறக்கட்டளை, மணிமுத்தாறில் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள பாதுகாப்பு மையத்தை நடத்துகிறது. 895 சதுர கிலோமீட்டர் மையப்பகுதி கொண்ட களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த மையம்.

நிலம் வாங்குவது இவர்கள் வேலை இல்லை. கணக்கெடுப்பது, பள்ளிப் பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துப் போவது, நாற்றங்கால் வளர்ப்பது, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து நீர்நிலைகளை மீட்பது போன்றவைதான். அப்படி நிர்வாகத்தோடு சேர்ந்து தொடங்கியதுதான் 'தாமிரா' திட்டம்.

இதில் முக்கியமானது தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. 2011-ல் தொடங்கியது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் குளங்களில், பொங்கலை ஒட்டிய நாட்களில் மாணவர்களும் தன்னார்வலர்களும் அணி அணியாகப் பிரிந்து எண்ணுவார்கள். உள்ளூர் இயற்கை ஆர்வலர் சங்கங்களும் சேர்ந்துகொள்ளும்.

எண்ணுவதால் என்ன பயன்? 'இந்தக் குளத்தில் பறவை வரும்' என்று வாயால் சொன்னால் ஏலம் நிற்காது. எந்தக் குளத்தில், எந்த மரத்தில், எந்தப் பறவை, எத்தனை கூடு என்று ஆண்டுவாரியாகத் தாளில் இருந்தால், ஆட்சியரிடம் போய், 'இந்த வருஷம் இந்த மரங்களை ஏலத்தில் இருந்து எடுத்துவிடுங்கள்' என்று கேட்க முடியும். பட்டா இல்லாத பறவைக்கு அந்தப் பதிவேடுதான் ஆதாரம்.

வேறு என்ன வழி இருக்கிறது?

2002-ம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் இன்னொரு வழியைத் தருகிறது. 'பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்' என்று ஓர் இடத்தை மாநில அரசு அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் முதலில் இந்தப் பெயரைப் பெற்றது மதுரை அரிட்டாபட்டி. 2022 நவம்பரில், 193.215 ஹெக்டேர்.

அதற்கு இரண்டே ஆண்டில் சோதனை வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலப் பகுதிக்குள் அந்த இடமும் வந்துவிட்டது. கிராமசபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவில் இறங்கினார்கள், சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. பெயர்ப்பலகை மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதேநேரம், போராடிய மக்கள் கையில் எடுத்துக் காட்ட ஓர் அரசாணையும் இருந்தது.

உங்கள் ஊர்க் குளத்துக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று, பதிவு. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு பராமரிக்கப்பட வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் ஊராட்சியின் பதிவேட்டில் குளத்துப் பறவைகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

இரண்டு, தீர்மானம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராமசபையில், கூடு கட்டும் மாதங்களில் குளத்து மரங்களை வெட்டக்கூடாது, வெடி போடக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவரலாம். மீன் குத்தகை நிபந்தனையிலேயே இதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மூன்று, கணக்கெடுப்பு. அடுத்த பொங்கலுக்கு நெல்லைப் பக்கம் இருந்தால், ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளுங்கள். பறவைகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. தெரிந்தவர்கள் கூட வருவார்கள்.

திருப்புடைமருதூர் மக்கள் தங்கள் பங்கை 2005-லேயே செய்துவிட்டார்கள். அந்த 7 ஏக்கரில் பிறக்கும் குஞ்சு பிழைக்குமா என்பது, அதைச் சுற்றியிருக்கும் மற்ற ஊர்களின் குளங்கள் கையில்தான் இருக்கிறது.